அமெரிக்கோ தோமாஸ்: கடற்படையிலிருந்து வந்த குடியரசுத் தலைவர் வெறும் பொம்மையா?

நெய்தல் (கேள்வி):

போர்ச்சுகலில் பிரதமர் சலாசார் நடத்திய சர்வாதிகார ஆட்சியைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். 1958 முதல் 1974 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த அமெரிக்கோ தோமாஸைப் பற்றி ஒன்றிரண்டு வரிகளுக்கு மேல் யாரும் எழுதுவதில்லை. திறப்பு விழாக்களில் ரிப்பன் வெட்டுகிறவர் என்று அவருடைய நாட்டு மக்களே கேலி பேசினார்கள் என்பதோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் 1933ஆம் ஆண்டின் அரசியல் சட்டப்படி பிரதமரை நியமிக்கும் அதிகாரமும் நீக்கும் அதிகாரமும் குடியரசுத் தலைவரிடமே இருந்தன. அட்மிரல் நிலைக்கு உயர்ந்த ஒரு மனிதர் அந்த அதிகாரத்தைப் பதினாறு ஆண்டுகள் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்யவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய கடற்படைப் பணியையும், தலைவரான பிறகு அவர் எடுத்த முடிவுகளையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய துறைமுகம் (மறுமொழி):

தோமாஸ் 1894இல் லிஸ்பனில் பிறந்தார். 1914இல் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் கப்பல்களுக்குப் பாதுகாப்பாகச் செல்லும் பணியில் இருந்தார். அதன் பிறகு நீண்ட காலம் கடற்கரையையும் கடலடி ஆழத்தையும் அளந்து வரைபடம் தயாரிக்கும் கப்பலில் கழித்தார். பொறுமையும் துல்லியமும் வேண்டிய, எவர் கண்ணிலும் படாத வேலை அது. 1936இல் கடற்படை அமைச்சரின் அலுவலகத் தலைவரானார். 1940இல் வணிகக் கப்பல் துறைக்கான தேசிய வாரியத்தின் தலைமைக்கு வந்தார். 1944இல் அமைச்சராகவே ஆனார். அப்பதவியில் பதினான்கு ஆண்டுகள் இருந்தார்.

அவர் உண்மையில் சாதித்தது அந்தப் பதினான்கு ஆண்டுகளில்தான் என்பது என் கருத்து. இரண்டாம் உலகப் போரில் போர்ச்சுகல் நடுநிலை வகித்தது. ஆயினும் அதன் கப்பல்கள் பழையவை, எண்ணிக்கையிலும் குறைவு. வெளிநாட்டுக் கப்பல்கள் வராத நாட்களில் தானியத்துக்கும் எரிபொருளுக்கும் நாடு திண்டாடியது. அந்த அனுபவத்தை வைத்து, போர் முடிந்த 1945 ஆகஸ்டிலேயே வணிகக் கப்பற்படையைப் புதுப்பிப்பதற்கான ஆணையைத் தோமாஸ் பிறப்பித்தார். எந்தத் தடத்துக்கு எத்தகைய கப்பல் தேவை என்பதை முன்கூட்டியே வகுத்து, கப்பல் நிறுவனங்களுக்கு அரசு கடனும் கொடுத்து நடத்திய திட்டம் அது. பெல்ஜியத்தில் கட்டப்பட்டு 1950களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த 'வேரா குரூஸ்', 'சாந்தா மரியா' ஆகிய பயணிகள் கப்பல்கள் அதன் விளைவுகளே.

இதற்கு ஒரு துயரமான தொடர்ச்சியும் உண்டு. 1961இல் போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனியான அங்கோலாவில் விடுதலைப் போர் மூண்டதும், 'வேரா குரூஸ்' உள்ளிட்ட அக்கப்பல்கள் படைவீரர்களை ஏற்றிச் செல்லத் தொடங்கின. லிஸ்பன் துறைமுகத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்களைப் பாருங்கள்: கப்பலின் கைப்பிடிக் கம்பிகளை ஒட்டி இருபது வயதுப் பையன்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள், கீழே தாய்மாரும் மனைவியரும் வெள்ளைக் கைக்குட்டைகளை அசைக்கிறார்கள். அமைச்சராக அவர் கொண்டுவந்த கப்பல்களே, தலைவராக அவர் தடுக்காத போருக்கு ஆட்களைச் சுமந்தன.

ஆவணப்பிரியன் (மறுமொழி):

பழைய துறைமுகம் அவர்கள் கப்பல் பக்கத்தை நன்றாக எழுதிவிட்டார். நான் அதிகாரம் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

தோமாஸைத் தேர்ந்தெடுத்தவர் சலாசார். முந்தைய தலைவர் கிராவெய்ரோ லோப்பஸ் சற்றுத் தன்னிச்சையாக நடக்கத் தொடங்கியதால், விசுவாசமான ஒருவர் தேவைப்பட்டார். 1958 தேர்தலில் எதிர்த்து நின்ற ஜெனரல் உம்பெர்ட்டோ டெல்கடோவிடம், வென்றால் சலாசாரை என்ன செய்வீர்கள் என்று செய்தியாளர் கேட்டபோது, நீக்கிவிடுவேன் என்று அவர் வெளிப்படையாகவே பதிலளித்தார். அதாவது, நீங்கள் சுட்டும் அதே அதிகாரத்தைப் பயன்படுத்துவதாக அறிவித்தார். அதிகாரபூர்வ முடிவு தோமாஸுக்கு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்கு என்றது. எண்ணிக்கை நேர்மையாக நடந்தது என்று இன்று எவரும் வாதிடுவதில்லை. மறு ஆண்டே நேரடித் தேர்தலை ஒழித்து, தேர்வுக்குழுவிடம் அப்பணியை ஒப்படைத்தார்கள். டெல்கடோவை 1965இல் ஸ்பெயின் எல்லைக்கு அப்பால் வரவழைத்து இரகசியப் போலீசார் கொன்றார்கள்.

1961 ஏப்ரல்தான் தோமாஸின் வாழ்வில் முக்கியமான தருணம் என்று நினைக்கிறேன். பாதுகாப்பு அமைச்சர் பொட்டெல்யோ மோனிஸ் அவரிடம் நேரில் சென்று, சலாசாரை நீக்கும்படி கேட்டார். இராணுவ அமைச்சரும், துணைச் செயலாளர் கோஸ்டா கோமஸும் மோனிஸ் பக்கம் இருந்தார்கள். தோமாஸ் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால், துப்பாக்கி வெடிக்காமலேயே அந்த ஆட்சியின் போக்கு மாறியிருக்கும். அவர் மறுத்துவிட்டார். ஏப்ரல் 13 அன்று சலாசார் அந்த அமைச்சர்களை விலக்கி, பாதுகாப்புத் துறையைத் தாமே எடுத்துக்கொண்டு, அங்கோலாவுக்குப் படை அனுப்ப ஆணையிட்டார். பதின்மூன்று ஆண்டுப் போர் அப்படித்தான் உறுதியானது. ஆகவே தோமாஸ் ஒன்றும் செய்யவில்லை என்பது சரியல்ல. மறுப்பதும் ஒரு செயல்; நிறைய உயிர்களை விலையாகக் கேட்ட செயல்.

1968 செப்டம்பரில் சலாசார் மூளைப் பாதிப்பால் செயலிழந்தபோது, தலைவருக்கு ஆலோசனை கூறும் அரசுக் குழுவைக் கூட்டி, மார்செலோ கயெத்தானோவைப் பிரதமராக்கியவரும் இவரே. ஆப்பிரிக்கப் பகுதிகளைக் கைவிடக் கூடாது என்பதில் புதிய பிரதமரை அவர் கடைசிவரை இறுக்கிப் பிடித்தார். 1972இல் 77 வயதில் மூன்றாம் முறையாகவும் பதவியேற்றார்.

நெய்தல்:

இருவருக்கும் நன்றி. 1961 சந்திப்பைப் பற்றி இவ்வளவு தெளிவாக நான் எங்கும் படிக்கவில்லை. ஒரு சிறு ஐயம்: மேலிடத்தின் ஆணையை மீறாத கடற்படைப் பழக்கம்தான் அந்த மறுப்புக்குக் காரணம் என்று கொள்ளலாமா?

பழைய துறைமுகம்:

அப்படிக் கொள்ள முடியாது என்றே கருதுகிறேன். அதே கடற்படையில் வந்த ஜோஸே மெண்டஸ் கபெசாடாஸைப் பாருங்கள். மன்னராட்சியை வீழ்த்திய 1910 அக்டோபர் புரட்சியில் 'அடமாஸ்டர்' போர்க்கப்பலில் கிளர்ச்சியாளர்களை வழிநடத்தியவர் அவர். மன்னர் தங்கியிருந்த மாளிகையை நோக்கி லிஸ்பனின் டேகஸ் ஆற்றிலிருந்து குண்டு வீசிய கப்பல்களில் அதுவும் ஒன்று. 1926 மே மாத இராணுவப் புரட்சியில் ஆட்சித் தலைமைக்கு வந்து, சில வாரங்களிலேயே சக தளபதிகளால் தள்ளப்பட்டார். பின்னர் சலாசாருக்கு எதிரான சதிகளில் சேர்ந்து, 1965இல் இறக்கும்வரை எதிரணியிலேயே நின்றார். 1918இல் தலைவரான கான்டோ இ காஸ்ட்ரோவும் கடற்படைக்காரரே. அவர் மனத்தளவில் மன்னராட்சிப் பற்றாளர். எனினும் 1919இல் வடக்கே மன்னராட்சியைப் பிரகடனம் செய்த கிளர்ச்சியை அவருடைய அரசுதான் அடக்கியது, ஏனெனில் அவர் குடியரசுக்கு உறுதிமொழி எடுத்திருந்தார். மூவருக்கும் ஒரே பயிற்சி, ஒரே சீருடை. தோமாஸ் சலாசாரின் பக்கம் நின்றது நம்பிக்கையால்தான். அந்த ஆட்சியைக் கவிழ்த்த 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு மதேய்ராவுக்கும் பிரேசிலுக்கும் அனுப்பப்பட்டு, நாடு திரும்ப அனுமதி பெற்று, 1987இல் இறந்த காலம்வரை அந்த நம்பிக்கையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆவணப்பிரியன்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1961இல் தோமாஸ் கேட்க மறுத்த குழுவில் இருந்த கோஸ்டா கோமஸ், 1974 செப்டம்பரில் அதே குடியரசுத் தலைவர் பதவிக்கு வந்தார். அங்கோலாவும் மொசாம்பிக்கும் 1975இல் விடுதலை பெற்றது அவர் பதவிக்காலத்தில்தான்.