ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடி, மூக்கையூர் பக்கம் ஒரு நாளில் என்ன பார்க்கலாம்?

மேலூர்க்காரன்:
தாத்தா சாயல்குடியில் விறகுக்கரி ஏற்றிய லாரி ஓட்டுநர். அப்பாவோடு அந்த ஊரையும் கடற்கரையையும் பார்க்க வருகிறேன். கரி போடுவது இப்போதும் நடக்கிறதா? மே மாதம் வரலாமா?

உடைமரத்தடி:
நடக்கிறது தம்பி. கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு ஊருக்குள் திரும்புங்கள், சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே புகை தெரியும். விறகை அடுக்கி, வைக்கோல், இலைதழை போட்டு, மேலே மண் பூசித் தீ வைப்பார்கள், அதுதான் மூட்டம். காற்று அளவாகத்தான் போக வேண்டும், அதிகமானால் கரி சாம்பலாகிவிடும். முதலில் வெள்ளைப் புகை கெட்டியாக வரும். மெலிந்து நீலம் தட்டினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். தூர்க்கட்டையில், அதாவது வேரோடு சேர்ந்த அடிக்கட்டையில் போட்ட கரி கனமானது, நின்று எரியும். மூட்டத்தின் மேல் ஏறிவிடாதீர்கள், உள்ளே நெருப்பு. போட்டோ எடுக்கும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்கள் வேலை செய்கிற இடம் அது.

அப்புறம் மாரியூர் பூவேந்தியநாதர் கோயில், கடலையொட்டி இருக்கிறது. மூக்கையூர் கரைக்குச் சாயங்காலம் போங்கள்.

கடலாடி அக்கா:
மே மாதம் வெயில் கொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும். ஆனால் பதநீர்க் காலம், கருப்பட்டி புதுசாக வாங்கலாம். கரையில் பவளப்பாறைத் துண்டு கிடந்தால் எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

மேலூர்க்காரன்:
நன்றி அக்கா. அப்பாவுக்குக் கருப்பட்டி போதும், கிளம்பிவிடுவார்.