1500 ரூபாய்க்குள் உழைக்கக்கூடிய நெக்பேண்ட் (கழுத்தில் மாட்டும் இயர்போன்) எது?

வணக்கம் நண்பர்களே. தினமும் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போய் வருகிறேன். தனித்தனி இயர்பட்ஸ் எனக்கு ஒத்துவராது. கிண்டியில் இறங்கும் நெரிசலில் ஒன்றைத் தண்டவாளத்துக்குக் காணிக்கை கொடுத்துவிட்டேன். பிறகு வாங்கிய நெக்பேண்ட் பத்தே மாதத்தில் வலது பக்கம் ஊமையாகிவிட்டது. வயர் காதுக்குமிழோடு சேரும் இடத்தில் ரப்பர் வெடித்து, உள்ளே செம்புக் கம்பி முடியிழை போலத் தெரிகிறது.

பாட்டு சுமாராகக் கேட்டால் போதும். நான் பேசுவது எதிர்முனைக்குத் தெளிவாகப் போக வேண்டும். ஏ.என்.சி. என்ற வசதி நம் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைக்கும், இ.என்.சி. மைக்கில் நுழையும் இரைச்சலைக் குறைக்கும். எனக்கு வேண்டியது இரண்டாவது. ஆனால் எல்லாப் பெட்டியிலும் அதை அச்சிட்டிருக்கிறார்களே, எதை நம்புவது? ஓடும் ரயிலில் பேசிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டைப்-சி சார்ஜரும், வியர்வை தாங்க ஐ.பி.எக்ஸ்.4 தரமாவதும் வேண்டும். நாற்பது மணி நேர பேட்டரியெல்லாம் தேவையில்லை; வாரம் இருமுறை சார்ஜ் போட எனக்குச் சோம்பல் கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் நீங்களே பயன்படுத்திய மாடலாக இருந்தால் பெயரையும், வயர் இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். நேற்று வாங்கியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.