மறு: ‘அரை இருவழி’க்குப் பதிலாக ‘முறைப்பேச்சு’

வணக்கம். வாக்கி டாக்கியில் ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேச முடிகிற முறையை ஆங்கிலத்தில் ‘ஹாஃப் டூப்ளெக்ஸ்’ (half duplex) என்பார்கள். அதற்குத் தமிழில் ‘அரை இருவழி’ வேண்டாம், ‘முறைப்பேச்சு’ போதும் என்று நான் முன்மொழிந்ததற்கு வந்த கேள்விகளுக்கும் யோசனைகளுக்கும் இது பதில்.

> வாக்கி டாக்கியும் கையில் பிடிக்கும் ஒரு தொலைபேசிதானே? அதில் பேசுவதற்குத் தனியாக ஒரு சொல் எதற்கு?

படம் பார்த்தே பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். திரையில் ஓர் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கும்போதே மைக்கைப் பிடித்துக் கத்துவார். மறுமுனையில் இருப்பவர் இடையில் ஏதோ சொல்ல வருவார், இவர் உடனே அதட்டி அடக்குவார். உண்மையான கருவியில் அப்படி அதட்ட முடியாது. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை உங்கள் கருவி அனுப்பும், கேட்காது. விரலை எடுத்தால் கேட்கும், அனுப்பாது. எதிராளி பொத்தானை விடும்வரை நீங்கள் போடும் சத்தம் அவர் காதுக்குப் போகாது.

இருவர் ஒரே நேரத்தில் அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதைப் படங்கள் காட்டுவதே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்குக் கீச்சென்று ஓர் இரைச்சல் வரும். இல்லையென்றால் இருவரில் யாருடைய அலை வலுவாக இருக்கிறதோ அவர் குரல் மட்டும் வரும். தோற்றவருக்குத் தான் தோற்றதே தெரியாது. தகவலைச் சொல்லிவிட்டோம் என்ற நினைப்பிலேயே கிளம்பிப் போய்விடுவார்.

இந்த இடத்தைச் சொல்லத்தான் ஒரு சொல் தேவைப்படுகிறது. கருவிக்கு நான் பெயர் தேடவில்லை. அது வாக்கி டாக்கி, மைக் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். பேசும் விதத்துக்குத்தான் பெயர் வேண்டும். ‘அரை இருவழி’ என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்ய உதவலாம், ஆனால் எந்த வழியில் பாதி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இன்னொருவர் தந்த ‘அழுத்திப் பேசுதல்’ நல்ல தமிழ்தான். அதற்கு ஏற்கெனவே வேறு பொருள் இருப்பதுதான் சிக்கல். அழுத்திப் பேசினார் என்றால் வலியுறுத்திப் பேசினார் என்றே யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

‘முறைப்பேச்சு’ எனக்கு வாய்க்காலிலிருந்து வந்தது. தண்ணீரை முறைவைத்துத் திருப்புவதை முறைப்பாசனம் என்கிறோம். வாய்க்கால் ஒன்று, வயல் பல. ஒருவர் மடை திறந்திருக்கும்போது அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அலைவரிசையிலும் இதே கதைதான்.

வரலாறும் இதற்கு ஒத்துவருகிறது. 1928இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் காவல்துறை ரோந்துக் கார்களுக்கு வானொலியில் செய்தி அனுப்பத் தொடங்கியபோது காரில் இருப்பவரால் கேட்க மட்டுமே முடியும். பதில் சொல்ல வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தித் தொலைபேசியைத் தேட வேண்டும். அதை ஒருவழிப்பேச்சு எனலாம். 1933இல் நியூஜெர்சியின் பயோன் நகரக் காவலர்களுக்குக் காரிலிருந்தே பதில் பேசும் வசதி வந்தது. ஒருவழிப்பேச்சு, முறைப்பேச்சு, தொலைபேசிக்கு இருவழிப்பேச்சு என்று மூன்றும் வரிசையாக உட்கார்ந்துவிடுகின்றன.

> முறைப்பேச்சு என்றதும் முறைத்துக்கொண்டே பேசுவதுதான் நினைவுக்கு வருகிறது.

சிரித்துவிட்டேன். காவல்துறைக்கு அது பொருந்தாது என்று சொல்ல மாட்டேன்.

அடுத்து, இந்தப் பேச்சில் வழங்கும் ஆங்கிலச் சொற்களான ‘ஓவர்’, ‘அவுட்’, ‘ரோஜர்’. ஓவர் என்றால் நான் முடித்துவிட்டேன், இனி உங்கள் முறை, பதிலுக்குக் காத்திருக்கிறேன். அவுட் என்றால் பேச்சே முடிந்தது, பதில் வேண்டாம். படங்களில் கம்பீரமாக ‘ஓவர் அண்ட் அவுட்’ என்பார்களே, அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: “சொல்லுங்க, வைக்கிறேன்.” இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே ஓவருக்குச் ‘சொல்லுங்க’, அவுட்டுக்கு ‘வைக்கிறேன்’. இரண்டும் நாம் தினமும் சொல்வதுதான், புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை.

ரோஜருக்குச் ‘சரி’ என்று முன்மொழிந்தவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆங்கில எழுத்துகளைச் சொல்லிக்காட்டும் பழைய பட்டியலில் ஆர் எழுத்துக்கு ரோஜர் என்று பெயர். பெற்றுக்கொண்டேன் என்று பொருள்படும் ‘ரிசீவ்ட்’ (received) என்பதன் முதலெழுத்து அது. 1956இல் வந்த புதிய பட்டியலில் அந்த இடத்துக்கு ரோமியோ வந்துவிட்டார், ரோஜர் மட்டும் பேச்சிலிருந்து போகவில்லை. அதன் பொருள் செய்தி வந்து சேர்ந்தது, அவ்வளவே. செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’ என்று தனிச்சொல் உண்டு. நம் ‘சரி’யோ இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிடும். அதனால் ரோஜருக்குக் ‘கேட்டது’, வில்கோவுக்குச் ‘செய்கிறேன்’.

‘சரி’ மிகச் சிறிய சொல் என்பதும் ஒரு குறை. பொத்தானை அழுத்திய வேகத்திலேயே பேசினால் முதல் அசை போய்விடும். மறுமுனையில் வெறும் ‘ரி’ கேட்கும். அமெரிக்கக் காவலர்கள் ‘கேட்டது’ என்பதற்குச் சொல்லும் ‘டென்-ஃபோர்’ (பத்து-நான்கு) என்ற எண்குறியீடு பிறந்ததே இதனால்தான். 1930களில் கருவிக்குள் இருந்த மோட்டார் சுழன்று வேகம் பிடிப்பதற்குள் பேச்சின் தொடக்கம் காணாமல் போகும். இல்லினாய் மாநிலக் காவல்துறையில் சார்லஸ் ஹாப்பர் 1937இல் ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னால் ‘டென்’ சேர்த்தார். போனால் அது போகட்டும், பின்னால் வரும் எண் பிழைத்துவிடும்.

நாமும் எண்களிலேயே ஒரு தொகுதி செய்யலாமே என்றொரு யோசனையும் வந்தது. வேண்டாம் என்பேன். அங்கேயே ஒரே எண்ணுக்கு ஊருக்கு ஊர் வேறு பொருள் என்றாகி, பல துறைகள் சேர்ந்து இயங்கும் இடங்களில் எளிய சொற்களிலேயே பேச வேண்டும் என்று 2006இல் கூட்டாட்சி அரசு தன் நிதியுதவிக்கு நிபந்தனை வைத்தது.

இன்னும் ஒன்று பாக்கி. இருக்கைக்கும் இடுப்புக்கும் நடுவே கருவி சிக்கிப் பொத்தான் அழுந்தியபடியே இருந்துவிட்டால், அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது; அவர் முணுமுணுக்கும் பாட்டை அத்தனை பேரும் கேட்க வேண்டியதுதான். இதற்கு ‘மூடாமடை’ என்று எழுதிப் பார்த்தேன். வாய்க்காலோடு கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டேனோ என்று சந்தேகம் வந்ததால் உங்களிடமே விடுகிறேன். சொல்லுங்க.