புதுப்பிப்பு: கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டிலிருந்து உதவுவது பற்றி

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கேப் டவுனில் படித்துவிட்டு லண்டனில் இருக்கிறேன், 2021 ஏப்ரல் 18 அன்று பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகம் எரிந்ததைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை, இங்கிருந்து என்ன செய்யலாம் என்று.

சரி, விசாரித்துவிட்டேன். பணத்தை நேராகத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்ப வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக்காகவே பிரிட்டனில் பதிவான அறக்கட்டளை இருக்கிறது, இங்கே வருமான வரி கட்டுகிறவர்கள் ‘கிஃப்ட் எய்ட்’ ஒப்புதல் கொடுத்தால் நாம் தரும் 100 பவுண்டோடு அரசிடமிருந்து இன்னும் 25 பவுண்டு சேர்ந்துவிடும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அங்கேயே தனி நிதியம் உண்டு.

அப்புறம், பட்டம் வாங்கிய எல்லோருமே ‘கான்வொகேஷன்’ என்ற அமைப்பில் தானாகவே உறுப்பினர்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த உறவு அறுந்துபோகாது என்பதைப் படித்தபோது நிஜமாகவே நெகிழ்ந்துபோனேன்.

நூலகத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: நான் உட்கார்ந்து படித்த வாசிப்புக்கூடம் போய்விட்டது, ஆப்பிரிக்க ஆய்வு நூல்களில் பெரும்பகுதியும் போய்விட்டது. ஆனால் தீத்தடுப்புக் கதவுகள் இறங்கியதால் கீழ்த்தளத் தொகுப்புகள் தீயிலிருந்து தப்பின, தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் அங்கே இறங்கியதால் தன்னார்வலர்கள் வரிசையாக நின்று பெட்டி பெட்டியாக வெளியே கொண்டுவந்தார்கள்.

தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க, பல்கலைக்கழகத்தில் என் புது முகவரியைப் பதிந்துவிட்டேன். பெர்த்திலும் டொரோண்டோவிலும் இருக்கும் வகுப்புத் தோழர்கள் இருவர் இன்னும் பதியவில்லை, இந்த வாரம் கூப்பிட்டுச் சொல்கிறேன்.