பிளஸ் டூ உயிரியல்: படிக்கும்போது எல்லாம் தெரிகிறது, பரீட்சை ஹாலில் வரமாட்டேன் என்கிறது

முல்லைக்கொடி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன், தமிழ் மீடியம். அரையாண்டில் இயற்பியல், வேதியியல் ரெண்டும் பரவாயில்லை, உயிரியலில் மட்டும் 70க்கு 38. ஆனால் நான் அதிக நேரம் படிப்பதே உயிரியல்தான். காலையில் நாலரைக்கு எழுந்து உட்கார்ந்து, சத்தம் போட்டு வாசித்து, முக்கியமான வரிக்கெல்லாம் அடிக்கோடு போட்டு, ஒரு பாடத்தை நாலு தடவை, அஞ்சு தடவை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுவிட்டால் கை நின்றுவிடுகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இருபண்புக் கலப்பு என்றால் 9:3:3:1 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அரையாண்டில், கலப்புயிரியான (ஓங்கு ஜீன், ஒடுங்கு ஜீன் இரண்டும் உள்ள) உருண்டை மஞ்சள் பட்டாணியைச் சுருங்கிய பச்சையோடு கலந்தால் என்ன விகிதம் வரும் என்று கேட்டிருந்தார்கள். அதற்கும் 9:3:3:1 என்றே எழுதிவிட்டு வந்தேன், தப்பு. இரட்டைக் கருவுறுதல் ஐந்து மார்க் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன், 2 மார்க்தான் போட்டிருக்கிறார்கள். அப்புறம் தாவரவியலை முடித்து விலங்கியலுக்கு வரும்போது ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை, கடைசிக் கேள்வி பாதியில் நின்றது.

அப்பா தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறார், டியூஷன் வைக்க வசதி கிடையாது. பிஎஸ்சி நர்சிங் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. வகுப்பில் சிலர் நீட்டுக்கும் படிக்கிறார்கள், நானும் எழுதலாமா, இல்லை பப்ளிக்கை மட்டும் ஒழுங்காகப் பார்ப்பதா? எப்படிப் படிக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

நாவல்மரம் எழுதியது:

முல்லை, நான் தாவரவியல் ஆசிரியை. பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் பல வருஷம் போயிருக்கிறேன், அதனால் அந்த 2 மார்க்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும், அதில் இருக்கிற கருத்துகளைத்தான் உன் தாளில் தேடுவார், பக்கத்தை எண்ண மாட்டார். இரட்டைக் கருவுறுதலில் என்ன தேடுவார் என்று யோசித்துப் பார். மகரந்தக்குழல் சூல்துளை வழியாக உள்ளே வந்து முட்டை செல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சினர்ஜிட் செல்லுக்குள் இரண்டு ஆண் கேமீட்டுகளை, அதாவது இனச்செல்களை, விடுகிறது. ஒன்று முட்டை செல்லோடு சேர்ந்து இருமடியக் கருமுட்டை ஆகிறது, இன்னொன்று துருவ உட்கருக்களோடு சேர்ந்து மும்மடிய முதன்மைக் கருவூண் உட்கரு ஆகிறது. இவ்வளவோடு பாகம் குறித்த ஒரு படம். நீ ஒன்றரைப் பக்கத்தில் மகரந்தச் சேர்க்கையின் வகைகளையும் சேர்த்து எழுதியிருப்பாய் என்று நினைக்கிறேன், நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள், கேட்டது நடுவில் எங்கேயோ புதைந்து போகும்.

இனிமேல் பாடத்தை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெறும் தாளில் முதலில் படத்தைப் போடு. தாவரத்தின் கருப்பையை, அதாவது சூலுக்குள் இருக்கும் எம்பிரியோ சாக்கை, எடுத்துக்கொள்வோம். ஒரு முட்டை வடிவம் வரைந்து, சூல்துளைப் பக்கம் மூன்று செல், நடுவில் ஒரே செல்லுக்குள் இரண்டு துருவ உட்கரு, எதிர் முனையான சலாசாப் பக்கம் மூன்று எதிரடிச் செல். ஏழு செல், எட்டு உட்கரு, எண்ணிச் சரிபார்த்துக்கொள். பென்சிலில் போடு, அம்புக்குறிகளை வலது பக்கமாக நேராக இழு, ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டக் கூடாது. எங்கே கை நிற்கிறதோ அந்த இடம் உனக்குத் தெரியவில்லை, அதை மட்டும் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடு. அஞ்சு தடவை வாசிப்பதைவிட ஒரு தடவை இப்படி வரைந்து பார்ப்பது உனக்கு நிறையக் கொடுக்கும். வாசிக்கும்போது புத்தகம் கண் முன்னால் இருக்கிறது, அதனால்தான் எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றுகிறது.

அப்பா தோப்பு வேலைக்குப் போகிறார் என்றாயே, ஒரு இளநீர் வெட்டித் தரச் சொல்லிப் பார். அந்தத் தண்ணீர்தான் கருவூண் திசு, அதாவது வளரும் கருவுக்கான உணவு, செல் சுவர் வராமல் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் அதில் மிதக்கின்றன. ஓட்டின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் வழுக்கை, செல் சுவர் வந்துவிட்ட கருவூண் திசு. இதை ஒரு முறை கையில் பிடித்துப் பார்த்தவளுக்கு, கருவூண் திசுவின் வகைகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. வீட்டில் வெண்டைக்காய் இருந்தால் அதையும் குறுக்கே ஒரு வில்லை அரிந்து பார், அச்சு சூல் ஒட்டுமுறை அப்படியே கண்ணில் தெரியும், ஐந்து அறை, நடு அச்சில் ஒட்டியிருக்கும் விதைகள்.

நேரத்துக்கு வருகிறேன். தாவரவியல் 35, விலங்கியல் 35, இரண்டுக்கும் வினா அமைப்பு ஒன்றுதான்: எட்டு ஒரு மார்க், நாலு இரண்டு மார்க், மூன்று மூன்று மார்க், இரண்டு ஐந்து மார்க். மொத்தம் மூன்று மணி நேரம், அப்படியானால் ஒன்றுக்கு ஒன்றரை மணி. ஒன்றரை மணி ஆனதும் தாவரவியலில் என்ன மிச்சம் இருந்தாலும் இடம் விட்டுவிட்டு விலங்கியலுக்குப் போய்விடு, கடைசியில் திரும்பி வரலாம். மூன்று மார்க் பகுதியில் ஒரு கேள்வி கட்டாயக் கேள்வி, அதை விட்டுவிட்டு வேறு மூன்று எழுதிவிட்டு வருகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

குறிஞ்சி எழுதியது:

தங்கச்சி, நான் இப்போது நர்சிங் இரண்டாம் வருஷம், நானும் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவள்தான். மரபியலை நீ வரலாறு மாதிரி படிக்கிறாய், அதைக் கணக்கு மாதிரி போட வேண்டும். உன் கேள்வியையே எடுத்துக்கொள். கலப்புயிரிச் செடி நாலு வகைக் கேமீட்டுகளை உண்டாக்கும்: உருண்டை மஞ்சள், உருண்டை பச்சை, சுருங்கிய மஞ்சள், சுருங்கிய பச்சை. எதிரே இருக்கிற சுருங்கிய பச்சைச் செடியால் ஒரே வகைதான் முடியும். நாலை ஒன்றோடு சேர்த்தால் நாலு கட்டம், விகிதம் 1:1:1:1. இதுதான் சோதனைக் கலப்பு. இரண்டு பக்கமும் கலப்புயிரியாக இருந்தால் நாலுக்கு நாலு, பதினாறு கட்டம், 9:3:3:1 அங்கேதான் வருகிறது. விகிதத்தை மறந்துவிடு, கேமீட்டுகளை எழுதிக் கட்டம் போடு, விகிதம் தானாக வரும். ரத்த வகையையும் இப்படியே போட்டுப் பார். அம்மா ஓ, அப்பா ஏபி என்றால் பிள்ளைகள் ஏ அல்லது பி வகையாக இருப்பார்கள், அம்மா மாதிரி ஓ வராது, அப்பா மாதிரி ஏபியும் வராது. ஏன் என்று உன் தோழிக்கு விளக்கிச் சொல்ல முடிந்தால் உனக்குப் பாடம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது யாரும் எனக்குச் சொல்லாதது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல் என்று இப்போதே எழுத ஆரம்பி. படியெடுத்தலுக்கு டிரான்ஸ்கிரிப்ஷன், இரட்டிப்பாதலுக்கு ரெப்ளிகேஷன், அண்டம் விடுபடுதலுக்கு ஓவுலேஷன். தாவரவியலில் கருப்பை என்றால் எம்பிரியோ சாக், விலங்கியலில் கருப்பை என்றால் யூட்டிரஸ், எனக்கே ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. கல்லூரியில் முதல் நாளே எல்லாம் ஆங்கிலத்தில் நடத்தினார்கள், தெரிந்த பாடத்தைக்கூடத் தெரியாதது என்று நினைத்து விடுதியில் அழுதிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

மேற்கு_வாசல் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் பப்ளிக்குக்கு இருக்கிற நாளை எண்ணிப் பாருங்கள். இந்த நேரத்தில் எல்லாப் பாடத்தையும் வரைந்து பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? புக் பேக் கேள்விகளையும் பழைய கேள்வித்தாள்களையும் முடித்தாலே அறுபதைத் தொட்டுவிடலாம், என் தம்பி அப்படித்தான் எடுத்தான். முதலில் மார்க், புரிதல் அப்புறம்.

நாவல்மரம் எழுதியது:

புக் பேக்கை விடச் சொல்லவே இல்லை, அதைக் கட்டாயம் முடிக்க வேண்டும். ஆனால் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று முன்பே சொல்லும் புளூ பிரிண்ட் இருந்த காலம் போய்விட்டது, எந்தப் பாடத்தின் உள்ளேயிருந்தும் கேள்வி வரலாம். முல்லை மார்க்கை விட்டதும் படிக்காத இடத்தில் இல்லை, அஞ்சு தடவை படித்த இடத்தில்தான். பழைய கேள்வித்தாளை விடையோடு வாசித்தால் அதே கதைதான். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும்.

பனித்துளி எழுதியது:

விலங்கியலுக்கு ஒன்று சேர்க்கிறேன். மூலக்கூறு மரபியலில் சோதனைகளைப் பெயரும் வருஷமுமாக உருப்போட வேண்டாம், என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று கேளுங்கள். மெசல்சன், ஸ்டால் 1958இல் ஈ.கோலை பாக்டீரியாவை முதலில் கனமான நைட்ரஜன் 15இல் வளர்த்தார்கள், பிறகு சாதாரண நைட்ரஜன் 14க்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறை, அதாவது 20 நிமிஷம் கழித்து டி.என்.ஏ.வை எடுத்து, அடர்த்திப்படி பிரித்துக் காட்டும் சீசியம் குளோரைடு கரைசலில் சுழற்றினால் நடுவில் ஒரே பட்டை. 40 நிமிஷத்தில் நடுவில் பாதி, மேலே லேசானது பாதி. பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று சேர்ந்தால்தான் இப்படி வரும். மூன்று குழாய் வரைந்து பட்டைகளைக் குறித்தால் விடை முடிந்தது.

நீட் பற்றி: எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். அங்கே 720இல் 360 மதிப்பெண் உயிரியலுக்குத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் 2020 முதல் இருக்கிறது. தப்பான விடைக்கு ஒரு மார்க் குறையும் என்பதால் தெரியாததைக் குத்துமதிப்பாகக் குறிக்காதீர்கள். மார்ச் வரை பப்ளிக்கை மட்டும் பாருங்கள், புத்தகத்தை வரி விடாமல் படிப்பது இரண்டுக்கும் உதவும், அதற்குப் பிறகு இருக்கிற வாரங்களில் கொள்குறி வினாக்களைப் போட்டுப் பழகலாம்.

முல்லைக்கொடி எழுதியது:

டீச்சர், அக்கா, எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அப்பா இளநீர் கொண்டு வந்தார், வெட்டிப் பார்த்து வழுக்கையை விரலால் வழித்துப் பார்த்தேன், அப்பாவுக்கும் சொன்னேன், இத்தனை வருஷம் வெட்டியும் இது தெரியாதே என்றார். கருப்பைப் படத்தை மூடிவைத்து மூன்று தடவை வரைந்தேன். முதல் தடவை எதிரடிச் செல்களைச் சூல்துளைப் பக்கம் போட்டுவிட்டேன், இரண்டாவது தடவை துருவ உட்கரு ஒன்றுதான் போட்டேன், மூன்றாவது சரியாக வந்தது. ரத்த வகைக் கணக்கைத் தோழிக்குச் சொல்லிக் கொடுத்தேன், அவளுக்குப் புரிந்துவிட்டது. திருப்புதல் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பாக்டீரியாவில் லாக்டோஸைப் பயன்படுத்தும் ஜீன்களின் தொகுதி, அந்த லாக் ஓபரான் மட்டும் இன்னும் வரமாட்டேன் என்கிறது டீச்சர்.

நாவல்மரம் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் முல்லை. லாக் ஓபரானுக்கு இரண்டு படம் போடு, லாக்டோஸ் இல்லாதபோது ஒன்று, இருக்கும்போது ஒன்று. முதல் படத்தில் அடக்கி புரதம் இயக்கியின் (ஆபரேட்டர் என்ற டி.என்.ஏ. பகுதி) மேல் உட்கார்ந்து வழியை மறித்திருக்கும். இரண்டாவது படத்தில் லாக்டோஸ் வந்து அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் அது இயக்கியில் உட்கார முடியாமல் வழி திறந்துவிடும், மூன்று ஜீன்களும் வேலை செய்யும். போட்டுவிட்டு எங்கே கை நின்றது என்று இங்கேயே எழுது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பார்க்கிறேன்.