முயலுக்கு அடைக்கலம் தந்த மெலாங்கெல்

வேல்ஸ் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைகளையும் ஸ்னோடன் மலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அங்கே மிகவும் பிடித்த இடம் பென்னன்ட் மெலாங்கெல். லாங்கினாக் என்ற சிற்றூரிலிருந்து ஒற்றைப் பாதையில் இரண்டு மைல். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தே ஆக வேண்டும். பெர்வின் மலைகளுக்கு நடுவே பாதை முடிகிற இடத்தில் அந்தச் சிறிய 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இருக்கிறது.

இந்த இடத்துக்குப் பெயர் தந்த புனிதை மெலாங்கெல் அயர்லாந்து அரசகுமாரியாம். கல்யாணத்துக்கு உடன்படாமல் ஓடிவந்து இந்தப் பள்ளத்தாக்கில் தவமிருந்தாள். 604-இல் பொவிஸ் அரசன் ப்ரோக்வெல் இங்கே வேட்டைக்கு வந்தபோது, துரத்தப்பட்ட முயல் அவள் அங்கிக்கு அடியில் போய் ஒளிந்தது. நாய்கள் பின்வாங்கின. வேட்டைக்காரன் ஊதப்போன கொம்பு உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது. நெகிழ்ந்துபோன அரசன் அந்த நிலத்தையே அடைக்கலம் தேடி வருவோருக்கென்று கொடுத்துவிட்டான்.

உள்ளே போனதும், பீடப் பகுதியை மக்கள் அமரும் இடத்திலிருந்து பிரிக்கும் 15-ஆம் நூற்றாண்டு மரத்தடுப்பின் மேல்பகுதியைப் பாருங்கள். கொடி வேலைப்பாட்டுக்கு நடுவே இந்தக் கதை முழுக்கச் செதுக்கியிருக்கிறார்கள். உருவங்கள் சிறியவை, கொம்பை வாயில் வைத்தபடி மண்டியிட்டிருக்கும் வேட்டைக்காரனைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது அவளுடைய நினைவுப் பீடம்தான். 16-ஆம் நூற்றாண்டில், புனிதர் வழிபாட்டை எதிர்த்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்த காலத்தில் அதை உடைத்துவிட்டார்கள். ஆனால் கற்கள் வீணாகவில்லை. தேவாலயச் சுவரிலும் வெளிவாசல் கட்டடத்திலும் அப்படியே வைத்துக் கட்டிவிட்டார்கள். பிறகு அவற்றைத் தேடி எடுத்து 1958-இல் ஒருமுறை சேர்த்தார்கள். 1990 வாக்கில் இன்னும் சரியாக எடுத்துக் கட்டினார்கள். எது பழைய செதுக்கல், எது பின்னால் நிரப்பியது என்று கிட்டத்தில் போனால் தெரிகிறது. அதை மறைக்காமல் விட்டது எனக்கு மிகவும் பிடித்தது. தூண்களுக்கு அடியில் நோயாளிகளுக்காக எழுதி வைத்த வேண்டுதல் சீட்டுகளும் இருந்தன. அந்தப் பீடம் இன்னமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

அப்புறம், வெளியே வந்து வட்டமான கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். தேவாலயத்தைவிட மிகப் பழையவை என்று கருதப்படும் யூ மரங்கள் அங்கே நிற்கின்றன. நேரமிருந்தால் லாங்கினாக்கிலேயே காரை விட்டுவிட்டு நடந்தே போங்கள். அந்த ஒற்றைப் பாதையில் நடப்பதும் ஒரு யாத்திரைதான்.