"அப்பா, நான்தான் இயேசுவைக் கொன்றேனா?"

கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி முடிந்து வந்த என் மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் இப்படிக் கேட்டாள். அவளுக்கு 9 வயது. "யார் அப்படிச் சொன்னது?" என்றேன். "நாம் பொய் சொல்லும்போதெல்லாம் அவர் கையில் ஓர் ஆணி இறங்குகிறதாம். நான் நிறையச் சொல்லியிருக்கிறேன் அப்பா." அவள் அழவில்லை. கணக்குப் பார்ப்பவள்போல விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு இப்போது 46 வயது. அவள் வயதில் அதே ஆணியை நானும் வாங்கியிருக்கிறேன், நிஜமான இரும்பு ஆணியாகவே. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்து, ஆராதனை முடியும்வரை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருக்கச் சொன்னார்கள். அன்று காலையில்தான் தம்பியின் பேனாவை உடைத்துவிட்டு "எனக்குத் தெரியாது" என்று சாதித்திருந்தேன். நண்பகல் 12 முதல் 3 மணிவரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் பிரசங்கித்தார்கள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. ஒரு பேனாவுக்காக ஒருவர் அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் மட்டுமே இருந்தது. ஆணியைக் கொடுத்தவர் நல்ல மனிதர், பிள்ளைகளை உயிராக நேசித்தவர். அதையும் சொல்லியாக வேண்டும்.

இன்றும் இராப்போஜனத்துக்கு முழங்காலிடும்போது வாய் "ஸ்தோத்திரம்" என்கிறது, உள்ளே "மன்னியும், மன்னியும்" என்றே ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் நன்றியால் அழுகிறார்கள். எனக்கு வருவதோ, கடன் கொடுத்தவரை வழியில் எதிரே கண்டவனுக்கு வரும் கூச்சம். தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்துபோகத் தோன்றுகிறது.

அந்த ஆசிரியர் சொன்னது பொய் என்றும் ஒதுக்க முடியவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் சீடர் பேதுரு, கூடிவந்த ஜனங்களிடம் "நீங்கள் சிலுவையில் அறைந்த இந்த இயேசு" என்று முகத்துக்கு நேராகத்தான் சொல்கிறார். கேட்டவர்கள் இருதயத்திலே குத்தப்பட்டார்கள் என்று அப்போஸ்தலர் 2:37 சொல்கிறது. அப்படியானால் குத்தப்படத்தானே வேண்டும்? ஆனால் என் மகள் 37 ஆண்டுகள் கழித்து என்னைப்போல் முழங்காலிடுவதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கு என்ன பதில் சொல்வது?


பதில் 1

தம்பி, நான் கத்தோலிக்கப் பெண், 63 வயது. உங்கள் கூச்சம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இளம் வயதில் வாரத்துக்கு இருமுறை பாவசங்கீர்த்தனம் செய்வேன். சொல்லி மன்னிப்புப் பெற்ற பாவத்தையே, சரியாகச் சொன்னேனா என்ற சந்தேகத்தில் மறுபடி சொல்வேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் இன்னொன்று நினைவுக்கு வரும், திரும்பி நடப்பேன். ஒருநாள் வயதான குருவானவர் ஒருவர் என்னைத் தடுத்து, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் கதையைச் சொன்னார். 1522இல் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது அவருக்கும் இதே வேதனை. பழைய பாவங்களைத் தோண்டித் தோண்டி அறிக்கையிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போயிருக்கிறார். கடைசியில், இது தேவனிடமிருந்து வருவதல்ல என்று கண்டுகொண்டு, கடந்துபோன பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்தார். பாவத்தைப் பற்றி அவ்வளவு கடுமையாகத் தியானிக்கச் சொன்ன மனிதர் அவர்! இந்த நோய்க்கு லத்தீனில் வைத்த பெயருக்குக் கூர்மையான சிறு கல் என்று பொருளாம். செருப்புக்குள் கல் புகுந்தால் நடக்கிறவன் வழியைப் பார்க்க மாட்டான், காலைத்தான் பார்ப்பான் என்றார் அந்தக் குருவானவர்.

இன்னொன்று. நீங்கள் இராப்போஜனம் என்பதை நாங்கள் நற்கருணை என்போம். அதற்குக் கிரேக்கத்தில் உள்ள பெயருக்கு நன்றி செலுத்துதல் என்று அர்த்தம். காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இராத்திரியில் அப்பத்தை எடுத்து நன்றி சொன்னது யார்? அவர்தான். சாகப்போகிறவர் நன்றி சொல்லிவிட்டுக் கொடுக்கிறார், வாங்குகிற நாம் தலைகுனிந்து ஓடுகிறோம். இதை நினைத்த நாளிலிருந்துதான் பீடத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கப் பழகினேன்.

குழந்தையிடம் இன்றே பேசுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.


பதில் 2

ஐயா, எனக்கு வேத அறிவு குறைவு. நடந்ததைச் சொல்கிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் என் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. அண்ணன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். என் அடிவயிற்றின் வலப்பக்கத்தில் அது இருக்கிறது. தொட்டால் தெரியும். அறுவைச் சிகிச்சை முடிந்து நான் மூன்றாம் நாளே தெளிந்துவிட்டேன். எனக்கு உயிர் வந்துகொண்டிருந்தது. அவருக்கோ நல்ல உடம்பைக் கிழித்த வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து என் கட்டிலுக்கு வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அழுதேன். அடுத்த ஒரு வருடம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அதே அழுகைதான். ஒருநாள் அண்ணன் எரிச்சலோடு சொன்னார்: "நீ அழும்போதெல்லாம் நான் கொடுத்ததை என் மடியில் திருப்பி வைக்கிறாய். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அதைச் சொல்."

12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை. தவறினால் என் உடம்பே அந்தச் சிறுநீரகத்தைப் பகையாக நினைத்து அழிக்கத் தொடங்கிவிடும். காலையிலும் இரவிலும் அதை விழுங்குவதுதான் அண்ணனுக்கு நான் செலுத்தும் நன்றி. அதைத் தவிர அவர் எதுவும் கேட்டதில்லை.

குறளில் 11ஆம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. அதை அறியச் சொல்கிறதே தவிர அடைக்கச் சொல்லவில்லை. பயனை எடைபோடாமல் செய்த உதவி கடலைவிடப் பெரிது என்று அதே அதிகாரத்தில் வருகிறது. கடலை யார் திருப்பிக் கொடுப்பது?


பதில் 3

மேலே எழுதியவர்கள் மீது மதிப்பு உண்டு. ஆனால் குற்ற உணர்வை இவ்வளவு வேகமாகத் துடைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் குடித்துவிட்டு மனைவியை அடித்தவன். 11 ஆண்டுகளாகக் குடிப்பதில்லை. அந்த நாட்களில் "உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே, அவர் உன்னை நேசிக்கிறார்" என்று சொன்னவர்கள் எல்லாரும் எனக்குக் கெடுதல் செய்தார்கள். அவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மறுபடி குடித்தேன். "இது உன் கை செய்தது, அவள் முகத்தைப் பார்" என்று சொன்ன ஒரே ஒரு போதகர்தான் என்னைக் காப்பாற்றினார். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது என்று 2 கொரிந்தியர் 7:10இல் பவுல் எழுதியிருப்பது என் வாழ்க்கையில் அப்படியே நடந்தது. எனக்கு அந்த ஆணி தேவைப்பட்டது.


கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. இரண்டாவது பதில் எழுதிய சகோதரரே, உங்கள் அண்ணனைப் பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் ஒன்று இடிக்கிறது. உங்கள் நோய் உங்கள் குற்றமல்ல. அண்ணன் உடம்பைக் கிழித்தது நீங்கள் அல்ல. என் மகள் கேட்டது "எனக்காக யாராவது வலி தாங்கினார்களா?" என்றல்ல, "நான்தான் கொன்றேனா?" என்று. மூன்றாவது பதில் சொல்லும் சகோதரருக்கும் இது புரியும் என்று நினைக்கிறேன்.


பதில் 2 எழுதியவர்

நீங்கள் இடிக்கிறது என்ற இடம் சரியான இடம். முதலில் எழுதாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

அதற்கு முன் ஆறு ஆண்டுகள் அண்ணனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. என்னை நம்பி அவர் கொடுத்து வைத்திருந்த பணத்தை நான் எடுத்துச் செலவழித்துவிட்டு, கேட்டபோது "கொடுத்ததற்கு என்ன சாட்சி?" என்றேன். என் அண்ணனிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். நான் அவரிடம் சிறுநீரகம் கேட்கவில்லை, கேட்க முகமில்லை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தானாகவே போய்ப் பரிசோதனை செய்துகொண்டு, பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு வந்து நின்றார்.

ஆக, என்னுடைய அந்த ஒரு வருட அழுகை வலியைக் கண்டு அழுத அழுகை மட்டுமல்ல. "நீ எனக்கு நன்மை செய்யாதே, நான் அதற்குத் தகுதியில்லாதவன்" என்று அவரோடு நான் நடத்திய சண்டை அது. தகுதியில்லாதவனாகவே இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. பணத்தைப் பற்றி வாயைத் திறக்காமலேயே காலத்தை ஓட்டலாம் அல்லவா? அழுகையை நிறுத்திய பிறகுதான், "அண்ணா, அந்தப் பணத்தை எடுத்தது நான்தான்" என்று முதன்முறையாகச் சொன்னேன். "தெரியும்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.


பதில் 4

நான் போதகராக ஊழியம் செய்கிறேன். உங்கள் கையில் ஆணி கொடுத்தவரின் உபதேசம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

1519இல், சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிப்பதைப் பற்றி ஒரு பிரசங்கம் வெளியிட்டார். அதில் கிட்டத்தட்ட உங்கள் ஆசிரியர் சொன்னதே இருக்கிறது: அவர் கைகளில் இறங்கும் ஆணிகளைப் பார்க்கும்போது அவை உன் செயல்கள் என்று நம்பு என்கிறார். ஆனால் பிரசங்கம் அங்கே நிற்பதில்லை. அந்தப் பாவத்தை மனசாட்சியில் தங்கவிடாதே, தங்கினால் அவநம்பிக்கையில்தான் முடியும், அதை அவர்மேல் போட்டுவிடு என்கிறார். பிறகு இன்னும் ஒரு படி: காயங்களைக் கடந்து அவருடைய இருதயத்துக்குள் போ, உன்மேல் எவ்வளவு அன்பு நிறைந்திருக்கிறது பார் என்கிறார். ஐயா, உங்களை முதல் வாசலில் உட்காரவைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது, ஏனென்றால் நானும் பல பிள்ளைகளுக்கு இதையே செய்திருக்கிறேன்.

நீங்கள் காட்டிய அதிகாரத்தையே கடைசிவரை வாசியுங்கள். 37ஆம் வசனத்தில் குத்தப்பட்டவர்கள், 46ஆம் வசனத்தில் மகிழ்ச்சியோடும் கபடமில்லாத இருதயத்தோடும் சாப்பிடுகிறார்கள். ஒன்பது வசனங்களில் கடந்துவிட்டார்கள். சீர்திருத்தச் சபைகள் விசுவாசத்தைக் கற்பிக்கப் பயன்படுத்தும், 1563இல் வெளிவந்த ஹைடெல்பெர்க் வினாவிடையில் மொத்தம் 129 கேள்விகள். முன்னுரையாக 2, மனிதனுடைய பாவ நிலையைப் பற்றி 9, மீட்பைப் பற்றி 74, நன்றியைப் பற்றி 44. பத்துக் கட்டளைகளையும் கர்த்தருடைய ஜெபத்தையும் அவர்கள் வைத்திருப்பது நன்றி என்ற பகுதியில். கட்டளை என்றாலே குற்றப்பத்திரிகை என்று பழகிப்போன எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது.

மூன்றாவது பதில் எழுதிய சகோதரர் சொன்னதை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன். பேதுருவைப் பாருங்கள். இயேசுவைத் தெரியாது என்று அவர் மறுதலித்தது கரிநெருப்பு அருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. உயிர்த்தெழுந்த இயேசு கரையில் அவருக்காக மீன் வைத்திருந்ததும் கரிநெருப்பின்மேல். புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் வருவது இந்த இரண்டே இடங்களில். அந்த வாசனையிலேயே பேதுருவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும். இயேசு எதையும் மூடி மறைக்கவில்லை. முதலில் சாப்பாடு கொடுத்தார், பிறகு கேட்டார். கேட்டதும் "ஏன் மறுதலித்தாய்?" என்று அல்ல, "என்னை நேசிக்கிறாயா?" என்று.

மகளுக்கான பதிலுக்கு இரண்டு வசனங்களைத் தருகிறேன். யோவான் 10:18இல் தம் ஜீவனைப் பற்றி அவரே சொல்கிறார்: "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்." எபிரெயர் 12:2, அவர் தமக்குமுன் வைத்திருந்த சந்தோஷத்தின்பொருட்டுச் சிலுவையைச் சகித்தார் என்கிறது. அவளுடைய பொய் தப்புதான், அதை அப்படியே சொல்லுங்கள். ஆனால் அவளால் அவரிடமிருந்து உயிரைப் பறிக்க முடியாது. அவர் விரும்பிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் அவளும் இருக்கிறாள்.


கேட்டவர்

நேற்று இரவு பேசினேன். போதகர் ஐயா சொன்ன முதல் வசனத்தை வாசித்துக் காட்டினேன். "எடுக்கவே முடியாதா? ரோமப் போர்வீரர்களாலும் முடியாதா?" என்று இரண்டுமுறை கேட்டாள். முடியாது என்றேன். "அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்றாள். நன்றி சொல்லலாம் என்றேன். எனக்கு ஆணி கொடுத்த கதையையும், தம்பியின் பேனாவைப் பற்றியும் சொன்னேன். என் தம்பிக்கு அது இன்றுவரை தெரியாது என்றதும் அவளுக்கு ஆச்சரியம். "சித்தப்பாவிடம் சொல்லிவிடுங்கள் அப்பா" என்றாள்.

பிறகு கட்டில் ஓரத்தில் இருவரும் முழங்காலிட்டோம். அவள் முதலில் ஜெபித்தாள். இயேசுவுக்கு நன்றி சொன்னாள், அம்மாவுக்காக, பக்கத்து வீட்டுப் பூனைக்காக நன்றி சொன்னாள். ஆமென் சொல்வதற்குமுன் ஒரு நொடி நிறுத்தி, கண்ணைத் திறக்காமலேயே, "அப்பாவின் கண்ணாடியை உடைத்தது நான்தான்" என்றாள்.

இன்று காலை தம்பிக்குத் தொலைபேசியில் பேசினேன்.